தேன்பெட்டிக்கு வந்த கரடியும் கொழுந்தனின் துப்பாக்கியும்

கேள்வி:

வணக்கம். எங்கள் வீடு பேச்சிப்பாறைக்கு மேலே, காட்டை ஒட்டி இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளை, பட்டா நிலம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் நானும் மாமியும் இரண்டு பிள்ளைகளும்தான். ரப்பர் தளிர்விடத் தொடங்கியதும் விளைக்குள் 25 தேன்பெட்டி வைத்தோம். போன மாதத்தில் இருந்து கரடி வருகிறது. இதுவரை 9 பெட்டி போய்விட்டது. ஒருநாள் விடியக்காலை முற்றத்துச் சக்கை (பலா) மரத்தடியில் அது நின்றதை மாமி பார்த்தார். முதுகில் கூன் மாதிரி ஏதோ இருந்தது என்கிறார். ரப்பர் பால் வெட்ட வருகிற அண்ணன், "இனி நான் இருட்டில் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கம்பி இழுத்துக் கரண்டு கொடுக்கச் சொல்கிறார் பக்கத்து விளைக்காரர். கொழுந்தன், காலம்சென்ற தன் மாமனாரின் பழைய துப்பாக்கியோடு வந்து இருக்கிறான். வனத்துறைக்குப் போன் செய்தால் "பார்க்கிறோம்" என்கிறார்கள். நம் வீட்டு முற்றத்துக்குள் வந்தாலும் சுடக் கூடாதா? விரட்டினாலும் கேஸ் வருமா? நாளை பிள்ளைகள் மேல் பாய்ந்தால் என்ன செய்வது? உடைந்த பெட்டிக்கு நஷ்டம் யார் தருவார்கள்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பேச்சிப்பாறை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் துப்பாக்கி. உங்கள் கடிதத்தில் கரடியைவிட என்னைப் பயமுறுத்தியது அதுதான். கொழுந்தன் துணைக்கு இருக்கட்டும், நல்லது. துப்பாக்கி இருக்க வேண்டாம். ஆயுத உரிமம் மாமனாரிடம் இருந்து மருமகனுக்குத் தானாக இறங்காது. உரிமம் பெற்றவர் இறந்தால், வீட்டில் இருப்பவர்கள் அதைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். உங்கள் கொழுந்தன் அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீடு வரை வந்ததே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி சிறைக்குப் போகும் குற்றம். அதற்குக் கரடி சாக வேண்டும் என்றோ, ஒரு குண்டு வெடிக்க வேண்டும் என்றோ இல்லை. வழியில் யாராவது வண்டியை நிறுத்திச் சோதித்திருந்தால் போதும்.

"அப்படியானால் புதிதாக உரிமம் எடுத்துவிடுகிறோம்" என்று அவர் சொல்லக்கூடும். அதுவும் உங்கள் பகுதியில் லேசில் நடக்காது. சரணாலயத்தில் இருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிதாக ஆயுத உரிமம் வழங்க வேண்டுமானால், தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவு முன்கூட்டியே வேண்டும். வன உயிரினச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இது. ஏற்கெனவே முறையான உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களும் அந்த எல்லைக்குள் குடியிருந்தால் வனத்துறையிடம் தங்கள் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். பழைய எஸ்டேட் குடும்பங்களிலேயே பலருக்கு இது தெரியாது.

இனி கரடிக்கு வருவோம். நம் மலையில் இருக்கும் கரடி, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணையில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை, அதிகப் பாதுகாப்பு உள்ள விலங்குகளின் பட்டியல் அது. 2022இல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளைக் குறைத்து அடுக்கியபோதும் (2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது) கரடியின் இடம் மாறவில்லை. கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் களக்காடு முண்டந்துறை, இன்னொரு பக்கம் கேரளத்தின் நெய்யாறு என்று தொடர்ந்து கிடக்கிற காடு. அந்த எல்லைக் கல்லைத் தாண்டி நம் விளைக்குள் கால் வைத்துவிட்டால் பாதுகாப்பு போய்விடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. போகாது. பாதுகாப்பு அந்த விலங்குக்குத்தான், அது நிற்கிற மண்ணுக்கு அல்ல. உங்கள் பட்டா நிலத்தில் நின்றாலும், குலசேகரம் சந்தையில் நின்றாலும் அது முதல் அட்டவணைக் கரடிதான்.

உங்கள் கேள்விகளில் மையமானது, முற்றத்துக்குள் வந்தாலும் சுடக் கூடாதா என்பது. கூடாது. ஆனால் ஏன் கூடாது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

இந்தச் சட்டம் உயிரையும் உடைமையையும் வேறுவேறாகப் பார்க்கிறது. 11ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு சொல்வது இது: தன்னையோ இன்னொருவரையோ காப்பாற்றிக்கொள்ள, நல்லெண்ணத்தோடு, ஒரு காட்டு விலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ அது குற்றம் ஆகாது. அந்த உட்பிரிவில் வீடு இல்லை, ஆடு இல்லை, கோழி இல்லை, தேன்பெட்டி இல்லை. ஆளுயிர் மட்டும்தான் இருக்கிறது. கரடி பெட்டியை உடைத்துத் தேனடையைத் தின்றுகொண்டிருக்கும்போது நீங்கள் ஜன்னல் வழியாகச் சுட்டால், அது வேட்டை. அதே கரடி உங்கள் மகளின் மேல் ஏறி நிற்கும்போது கையில் கிடைத்த வெட்டுகத்தியால் வெட்டினால், அது தற்காப்பு. முற்றம் யாருடையது என்பதை இரண்டு இடத்திலும் சட்டம் கேட்கவில்லை.

வனத்துறைக்கே கூட இதில் கை கட்டியிருக்கிறது. முதல் அட்டவணை விலங்கைப் பிடிக்கவோ கொல்லவோ தலைமை வன உயிரினக் காப்பாளர் ஒருவர்தான் உத்தரவிட முடியும். அதையும் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். அது மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்றோ, குணமாக்க முடியாத அளவு நோய் அல்லது ஊனம் கண்டுவிட்டது என்றோ அவர் திருப்தியடைய வேண்டும். பிடிக்கவோ, மயக்க மருந்து கொடுக்கவோ, வேறிடத்துக்கு மாற்றவோ வழியே இல்லை என்று தெரிந்த பிறகுதான் கொல்லச் சொல்லலாம். பயிர்ச்சேதம், பொருட்சேதம் என்ற காரணங்கள் இரண்டாம் அட்டவணை விலங்குகளுக்கு உண்டு, முதல் அட்டவணைக்குக் கிடையாது. 9 பெட்டி அல்ல, 90 பெட்டி உடைந்தாலும் அதை மட்டும் வைத்துக் கரடியைக் கொல்ல உத்தரவு வாங்க முடியாது.

கூண்டு வைத்துப் பிடிப்பதும் சட்டத்தின் பார்வையில் வேட்டை வகைதான் என்பதால், அதற்கும் மேலிடத்து எழுத்து உத்தரவு வேண்டும். "ஒரு கூண்டாவது வைக்கக் கூடாதா சார்" என்று நீங்கள் கேட்டதும் வனவர் தலையைச் சொறிவதற்குக் காரணம் எப்போதும் அலட்சியம் அல்ல. சில நேரம் அலட்சியமும்தான், அதைப் பிறகு சொல்கிறேன். ஆளைத் தாக்கிய பிறகு நிலைமை வேறு. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே ஒரு கரடி மூன்று பேரைக் கடித்துக் குதறியது. அப்போது வனத்துறை இறங்கி மயக்க ஊசி போட்டு அதைப் பிடித்தது.

"பன்றியைச் சுட அனுமதி வந்துவிட்டதே, கரடிக்கு மட்டும் என்ன?" இந்தக் கேள்வி மலையோரத்தில் எந்த டீக்கடையிலும் கேட்கும். காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவின்படியும், காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைத்தான் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் சுட வேண்டும். விவசாயி சுட அதில் அனுமதி இல்லை. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்குப் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கேட்டுவிட்டு நம் ஊரில் பஞ்சாயத்துத் தலைவரிடம் போய் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு இங்கே அந்த அதிகாரம் இல்லை. கரடி விஷயத்தில் இரண்டு மாநிலத்திலும் எந்தப் பஞ்சாயத்துத் தலைவருக்கும் இல்லை.

பக்கத்து விளைக்காரர் சொல்கிற கரண்டுக் கம்பிக்கு வருவோம். அவர் உங்கள் நன்மைக்குச் சொல்வதாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த யோசனையைக் கேட்டு ஜெயிலுக்குப் போகப்போவது நீங்கள். கொல்வது மட்டும்தான் வேட்டை என்று நினைக்க வேண்டாம். விஷம் வைப்பது, கண்ணி கட்டுவது, பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது, துரத்தி ஓட்டுவது, காயப்படுத்துவது, இவற்றில் எதையாவது செய்ய முயல்வது எல்லாமே வேட்டைதான். பன்றிக்கென்று வைத்த கிளட்ச் வயர்க் கண்ணியில் கரடியின் கால் மாட்டினாலும் இதே பிரிவுதான். சக்கைப்பழத்துக்குள் பன்னிப்படக்கம் (பன்றியைக் கொல்ல வைக்கும் வெடி) வைத்தால் வெடிபொருள் சட்டமும் கூடவே வரும். நேரடி மின்சாரத்தைக் கம்பியில் விட்டால் மின்திருட்டு வழக்கும் சேரும். விடியக்காலையில் அந்தக் கம்பியை மிதிக்கப்போவது கரடியாக மட்டுமே இருக்கும் என்று யார் உறுதி சொல்வார்? பால் வெட்டுகிறவர் மிதித்தால் அது மனித மரண வழக்கு. கரடி வழக்கை அதற்குப் பிறகு யாரும் பேசக்கூட மாட்டார்கள்.

"நான் எதையும் தொடவில்லை, கொழுந்தன்தான் வைத்தான்" என்பதும் நிற்காது. உடந்தையாக இருந்தவரையும் முயன்றவரையும் செய்தவராகவே 52ஆம் பிரிவு நடத்துகிறது. உங்கள் விளையில், உங்களுக்குத் தெரிந்து, உங்கள் வீட்டு மீட்டரில் இருந்து கம்பி போயிருந்தால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

தண்டனை: முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். "பைன் கட்டிச் சமாதானமாகப் போய்விடலாம்" என்று சொல்கிற தரகர்களை நம்பாதீர்கள். குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றத்தை இணக்கக் கட்டணம் கட்டி முடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. துப்பாக்கி, பைக், டார்ச் என்று பயன்படுத்திய பொருள் எல்லாம் பறிமுதலாகும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குப் பயம் தெளிய என்று கரடி முடி வைத்த தாயத்தோ, நகம் கோத்த சங்கிலியோ வீட்டில் இருந்தால் அதுவும் வழக்குக்கு உரிய பொருள்தான். சோதனைக்கு வருகிறவர்கள் பூஜை அறையையும் பார்ப்பார்கள்.

வேலியே கூடாதா என்றால், கூடும். சூரிய மின்வேலி வேறு வகை. எனர்ஜைசர் என்ற கருவி வழியாக நொடிக்கு ஒரு தட்டுப் போல மிகக் குறுகிய துடிப்பாக மின்சாரம் போகும். அதிர்ச்சி தரும், ஆளையோ விலங்கையோ கொல்லாது. தமிழ்நாட்டில் இதற்கென்றே 2023இல் மின்வேலிப் பதிவு மற்றும் ஒழுங்குமுறை விதிகள் வந்திருக்கின்றன. காட்டை ஒட்டிய இடத்தில் வேலி போடுவதற்கு முன் வனத்துறையிடம் விண்ணப்பித்துப் பதிவு செய்யுங்கள். தரமுத்திரை உள்ள எனர்ஜைசரையே வாங்குங்கள். ஒன்றரை ஏக்கரையும் வளைக்க வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை. விளை முழுவதும் பரவிக் கிடக்கிற மீதிப் பெட்டிகளை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, அந்தச் சின்னச் சதுரத்தைச் சுற்றி மட்டும் வேலி போட்டால் போதும். தேனீக்கு இடம் மாற்றும் பக்குவம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், அதில் நான் வாய் வைக்கவில்லை.

விரட்டினால் வழக்கா? வீட்டுக்குள் இருந்துகொண்டு விளக்கைப் போட்டு, பாத்திரத்தைத் தட்டி, சத்தம் போட்டதற்காக யாரும் உங்கள் மேல் வழக்குப் போடப்போவதில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் இயல்பான செயல் அது. ஊரில் இருபது பேர் தீப்பந்தமும் நாயும் கல்லுமாகக் கூடி அதைப் பள்ளத்தில் இருந்து பள்ளத்துக்கு ஓட்டுவது வேறு. அங்கே சட்டச் சிக்கலும் உண்டு, உயிர்ச் சிக்கலும் உண்டு. படக்கம் கொளுத்துவதையும் நான் ஊக்கப்படுத்த மாட்டேன். ரப்பர் இலை உதிர்ந்து சருகு கிடக்கிற காலத்தில் ஒரு பொறி போதும். அது காட்டுப் பக்கம் பரவினால் தீ வைத்த வழக்கும் உங்கள் தலையில்தான்.

மாமி பார்த்த 'கூன்' பற்றி ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் குட்டியாக இருக்கும். நம் காட்டுக் கரடி மார்கழி, தையை ஒட்டிக் குகையில் ஈனும். சில வாரம் கழித்து வெளியே வரும்போது குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டே திரியும். அந்த அடர்ந்த பிடரி முடி குட்டிக்குப் பிடிமானம். குட்டியோடு இருக்கிற தாய்க் கரடி ஓடிப் போகாது, எதிர்த்து வரும். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை சட்டத்தைவிட அவசரமான விஷயம் இது. பிள்ளைகளை இருட்டில் தனியாக வெளியே விட வேண்டாம். குட்டி மட்டும் எங்காவது தனியாகத் தென்பட்டால் பாவம் பார்த்துத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தாய் அருகிலேயே நிற்கும். தூக்கினால் சட்டப்படி அது காட்டு விலங்கைப் பிடித்ததாகவும் ஆகும்.

பால் வெட்டுகிற அண்ணன் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. கரடிக்குக் கண்ணும் காதும் அவ்வளவு கூர்மை இல்லை, மூக்குதான் எல்லாம். மூக்கை மண்ணில் வைத்துக் கறையானை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது பத்தடியில் ஆள் வந்து நிற்பது அதற்குத் தெரியாது. தெரிந்ததும் ஓடுவதற்குப் பதில் பாய்ந்துவிடும். முகத்தையும் தலையையும்தான் குறிவைக்கும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, ஒரு மரத்தில் இருந்து அடுத்த மரத்துக்குச் சத்தமில்லாமல் குனிந்து நகர்கிற வேலை, அதுவும் நாலு மணி இருட்டில். இதைவிடப் பொருத்தமாகக் கரடியிடம் மாட்டுகிற தொழில் கிடையாது. கொஞ்ச நாள் வெளிச்சம் வந்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். பால் சற்றுக் குறையும், குறையட்டும். தனியாக அனுப்பாதீர்கள். போனில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள், ஆள் வருவது கரடிக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். மரத்தில் ஏறித் தப்பிக்கலாம் என்ற நினைப்பு வேண்டாம், அது நம்மைவிட நன்றாக ஏறும். வேலை நேரத்தில் அவருக்குக் காயம் பட்டால், வனத்துறை நிவாரணம் ஒரு பக்கம் இருக்க, வேலை கொடுத்தவர் என்ற முறையில் உங்களிடமும் அவர் இழப்பீடு கேட்க முடியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கரடி உங்கள் வீட்டுக்கு வருவது தேனுக்கும் சக்கைக்கும். சித்திரை, வைகாசியில் சக்கை பழுக்கும்போது இன்னும் அதிகம் வரும். முற்றத்து மரத்தில் இந்த முறை பழம் பார்க்க வேண்டாம், இடியனாகவே (பிஞ்சாகவே) வெட்டிக் கூட்டானுக்கோ விற்பனைக்கோ கொடுத்துவிடுங்கள். விழுந்து அழுகிய சக்கையை அன்றன்றே புதைத்துவிடுங்கள். தேன் எடுத்த பிறகு அடைத் துண்டு, மெழுகு, கழுவிய தண்ணீர் எதுவும் வீட்டுப் பின்பக்கம் கிடக்கக் கூடாது. இதற்கெல்லாம் யாருடைய அனுமதியும் வேண்டாம். உங்கள் இடத்தில் நீங்கள் எதை மாற்றினாலும் சட்டம் குறுக்கே வராது, கரடியின் மேல் கை வைக்கும்போதுதான் வரும்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் உடனே மூடி போடுங்கள். 2023 ஏப்ரலில் நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் மாவட்டம் வெள்ளநாட்டில், கோழியைப் பிடிக்க வந்த கரடி ஒரு வீட்டுக் கிணற்றில் விழுந்தது. மயக்க ஊசி போட்டார்கள். வலையில் இருந்து நழுவித் தண்ணீருக்குள் போய் மூழ்கிச் செத்தது. துறை ஆட்கள் நின்றே அந்தக் கதி. உங்கள் கிணற்றில் விழுந்தால் ஏணி வைப்பதோ கயிறு விடுவதோ உங்கள் வேலை அல்ல. வனத்துறைக்கும் தீயணைப்புக்கும் சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்தை விலக்கச் சொல்லி 112க்கும் அழையுங்கள்.

உண்மையிலேயே ஆள் மேல் பாய்ந்துவிட்டால்? அப்போது சட்டப் புத்தகத்தை நினைக்க வேண்டாம், உயிரைக் காப்பாற்றுங்கள். கரடிக்குக் காயம் பட்டாலும், செத்தாலும், தற்காப்பு உங்களுக்கு உண்டு. அதன் பிறகு செய்கிற காரியத்தில்தான் ஜனங்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பயத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள், அல்லது யாரோ ஒருவர் நகத்தையும் பித்தப்பையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். தற்காப்பில் கொல்லப்பட்ட விலங்கும் அரசின் சொத்து. தகவல் சொல்லச் சட்டம் 48 மணி நேரம் தருகிறது, நீங்கள் ஒரு மணி நேரத்துக்குள் சொல்லுங்கள். உடலை நகர்த்தாதீர்கள், ரத்தக்கறையைக் கழுவாதீர்கள், கிழிந்த துணியைத் துவைக்காதீர்கள். உங்கள் கதை உண்மை என்று பேசப்போவது அவைதான். மறைத்துப் புதைத்த நிமிடத்திலேயே 'நல்லெண்ணம்' என்ற உங்கள் வாதம் பலவீனமாகிவிடும்.

இந்தத் தற்காப்புக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கொழுந்தனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். கரடி பாய்ந்த நேரத்தில் நீங்களே இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் பாதுகாப்பு கிடைக்காது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தவர், கண்ணியைப் பார்க்கப் போனவர், கரடியைத் தேடிக் காட்டுக்குள் போனவர் யாரும் "என்னைத் தாக்க வந்தது" என்று சொல்லித் தப்ப முடியாது. காணி மக்களுக்குத் தேன் முதலான சிறு வன மகசூல் எடுக்க 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் உரிமை உண்டு. அந்தச் சட்டமும் வேட்டையை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது.

காயம் பட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அருகில் உள்ள அரசு மருத்துவமனையோ, விபத்துப் பதிவேட்டில் 'காட்டு விலங்கு, கரடி தாக்கியது' என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். 'கீழே விழுந்தார்' என்று எழுதிவிட்டால் பிறகு நிவாரணத்துக்கு நாய் படாத பாடுபட வேண்டும். காட்டு விலங்குக் கடி என்பதால் வெறிநாய்க்கடி ஊசி அவசியம், அதைச் செவிலியரிடம் நீங்களே நினைவுபடுத்துங்கள்.

நிவாரணம் பற்றி. மத்திய அரசு நிதித் திட்டத்தில் 2023 டிசம்பர் முதல் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய், கடும் காயத்துக்கு 2 லட்சம், சிறு காயத்தின் சிகிச்சைக்கு 25,000 வரை என்று வைத்திருக்கிறார்கள். பயிருக்கும் பொருளுக்கும் எவ்வளவு என்பதை மாநில அரசின் ஆணைகள் முடிவு செய்கின்றன. தேன்பெட்டிக்கென்று கைநிறையப் பணம் வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனாலும் மனுக் கொடுங்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பதிவில் இத்தனை சேதம் இருக்கிற வீட்டுக்கும், ஒன்றுமே இல்லாத வீட்டுக்கும் நாளை உத்தரவு கேட்கும்போது பெரிய வேறுபாடு உண்டு.

போனில் சொன்னதுக்குக் காகிதம் கிடையாது என்பதால்தான் "பார்க்கிறோம்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோகிறது. எழுத்தில் கொடுங்கள். வனச்சரக அலுவலருக்கு மனு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலருக்கும் ஆட்சியருக்கும் நகல். எந்தெந்தத் தேதியில் எத்தனை பெட்டி உடைந்தது, மாமி பார்த்த நேரம், குட்டி இருக்கலாம் என்ற சந்தேகம், வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பது எல்லாம் வரட்டும். மனுவில் "கரடியைக் கொல்ல வேண்டும்" என்று எழுதாதீர்கள், அதை வைத்தே உங்களைச் சந்தேகிக்க இடம் கொடுக்கும். இரவு ரோந்து, கண்காணிப்புக் கேமரா, மின்வேலிக்கு அனுமதி, சேத மதிப்பீடு என்று அவர்களால் உள்ளூரிலேயே செய்ய முடிகிறதைக் கேளுங்கள். 2023 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மனித-வன உயிரின மோதல் வழிகாட்டு நெறிமுறைகளில் கரடிக்குத் தனியாகவே ஒன்று இருக்கிறது. அதன்படி நடவடிக்கை வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் மனுவின் தொனியே மாறும்.

படம் எடுக்கும்போது உடைந்த பெட்டியை மட்டும் எடுக்காதீர்கள். கரடியின் பின்னங்கால் தடம் பார்க்க மனிதக் கால்தடம் போலவே இருக்கும், கோர்ட்டில் எதிராளி அதைத்தான் சொல்வார். விரலுக்குச் சற்று முன்னால் தனியாகக் குத்தியிருக்கும் நகக்குறி தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஒரு பால் சிரட்டையை அளவுக்கு வைத்து எடுங்கள். மழை வருவதற்கு முன்னால் எடுங்கள்.

மனுவைப் பெற்றதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். உங்கள் பகுதியில் இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்களுக்கும் இதே தொல்லை இருக்கும், தனித்தனியாகவே ஆளுக்கொரு மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே காகிதத்தில் ஐம்பது கையெழுத்தைவிட அது நன்றாக வேலை செய்யும். ஒரு மாதம் பார்த்தும் அசைவில்லை என்றால், உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடக் கோரலாம். அதற்கு வரும்போது மனு நகல்கள், ஒப்புகை, படங்கள், நிலத்தின் பட்டா இவற்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். கொழுந்தனும் வரட்டும், துப்பாக்கியை ஒப்படைத்த ரசீதோடு.